கரிசலுக்கு ஒரு புள்ளி

(அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்)

அன்புள்ள ஆசிரிய நண்பர்களே,

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. நமக்குள் டீ குடிக்கும்போது சொல்லிச் சிரிப்போம், வெளியே சொல்ல மாட்டோம்.

கைக்கு வரும் கட்டு எந்தப் பள்ளியுடையது என்று நமக்குத் தெரியாது. ஆனால் நாலைந்து தாள் திருத்தியதும், அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர் கல்லூரியில் என்ன படித்தவர் என்று தெரிந்துவிடும். ஒருமுறை எனக்கு வந்த கட்டில் வரலாற்று விடைகள் எல்லாம் அருமை. முதல் உலகப்போரின் காரணங்கள், வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையின் கூறுகள், எல்லாம் வரிசை பிசகாமல் இருந்தன. பிறகு இந்திய வரைபடத்தைத் திருப்பினேன். கரிசல் மண் பகுதியைக் குறிக்கச் சொன்ன இடத்தில், மகாராஷ்டிராவின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. அடுத்த தாளிலும் புள்ளி. அதற்கடுத்ததிலும் புள்ளிதான். தென்மேற்குப் பருவக்காற்றின் திசைக்கு ஓர் அம்புக்குறி இருந்தது. அது நிலத்திலிருந்து கிளம்பி, அரபிக்கடலைப் பார்த்துத் தென்மேற்கே போயிற்று. ஒரு பிள்ளை அப்படி வரைந்தால் அது அந்தப் பிள்ளையின் பிழை. கட்டு முழுவதும் அப்படி இருந்தால், அந்த அம்பு முதலில் கரும்பலகையில்தான் இருந்திருக்க வேண்டும்.

காற்றுக்குப் பெயர் அது எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையை வைத்து. கரிசல் தக்காணத்தில் பரந்து கிடக்கும் நிலம்; அதை நிழலிட்டுக் காட்ட வேண்டும், ஊரைக் குறிப்பதுபோலப் புள்ளி வைக்கக்கூடாது. புவியியலை மூன்றாண்டு படித்தவருக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. வரலாறு படித்து வந்தவருக்கு இதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதே முகாமில், அடுத்த அறையில், என் பிள்ளைகளின் தாளை யாரோ ஒரு வரலாற்று ஆசிரியர் திருத்திக்கொண்டு இதே அளவுக்குத் தலையில் அடித்துக்கொண்டிருக்கலாம்.

நான் பி.எஸ்சி. புவியியல், பி.எட். தென்காசிப் பக்கத்துப் பள்ளிகளில் 29 ஆண்டுகள் 'சோஷியல் டீச்சர்'. என் வகுப்பில் வரைபடம் சுத்தமாக இருக்கும். பிரெயரி, பாம்பாஸ் என்று தூக்கத்தில் கேட்டாலும் பிள்ளைகள் கண்டம் தவறாமல் சொல்லும். ஆனால் வரலாற்றை நான் எப்படி எடுத்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். வேலூர் புரட்சி என்றால் 1806, ஜூலை 10, புதிய தலைப்பாகை, அடிக்கோடு போடுங்கள், அடுத்த பத்தி. வாசித்து, கோடு போட்டு, ஐந்து மதிப்பெண் வினாவைக் காட்டி முடித்துவிடுவேன். முதல் உலகப்போரிலிருந்து தமிழ்நாட்டின் சமூக மாற்றங்கள் வரை பத்தாம் வகுப்பு வரலாற்றில் பத்து அலகுகள். பத்தையும் இப்படியே ஓட்டினேன். எந்தத் தலைமையாசிரியரும் என்னைக் கேட்டதில்லை, ஏனென்றால் தேர்ச்சி வந்துவிடும்.

இந்த ஏற்பாட்டை நாம் உண்டாக்கவில்லை. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்ற நான்கையும் ஒரே அட்டைக்குள் தைத்து 'சமூக அறிவியல்' என்று பெயர் வைத்தார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியலும் கணக்கும், சமூகவியல், மொழி என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓர் ஆசிரியர் போதும் என்கிறது. சிறிய உயர்நிலைப் பள்ளியில் சோஷியலுக்கு ஒரே ஆள்தான். அந்த ஆள் பெரும்பாலும் வரலாறு படித்தவராக இருப்பார். வரலாற்றுத் துறை இல்லாத கலைக் கல்லூரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்; புவியியல் துறை இருக்கிற கல்லூரியையும் அப்படித்தான். இடைநிலை ஆசிரியராக இருந்துகொண்டே அஞ்சல் வழியில் பட்டம் வாங்கிப் பதவி உயர்வில் வந்தவர்களில் எத்தனை பேர் 'ஹிஸ்டரி' எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். பொருளாதாரமோ அரசியல் அறிவியலோ படித்தவர் மேல்நிலை வகுப்புக்கு முதுகலை ஆசிரியராக வரலாம். பத்தாம் வகுப்பில் மொத்த உள்நாட்டு உற்பத்தியையும் சரக்கு சேவை வரியையும் எடுப்பது வரலாற்றுக்காரரும் புவியியல்காரரும்தான். நாலு கால் நாற்காலியில் ஒரு காலை மட்டும் தச்சர் செய்திருக்கிறார், மற்ற மூன்றும் யாரோ செய்தவை.

ஆசிரியரின் படிப்புக்கும் மாணவரின் அடைவுக்கும் என்ன தொடர்பு என்று அமெரிக்காவில் நெடுங்காலமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். எரிக் ஹனுஷெக் என்ற பொருளாதார அறிஞர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, ஆசிரியரிடம் முதுகலைப் பட்டம் இருப்பதற்கும் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கும் உறுதியான தொடர்பு எதுவும் இல்லை என்றார். கோல்டுஹேபர், புரூவர் என்ற இருவர் 1990களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண்களை அவர்களுடைய ஆசிரியர்களின் பட்டங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். கணக்கிலும் அறிவியலிலும், அந்தப் பாடத்திலேயே பட்டம் பெற்றவரிடம் படித்த பிள்ளைகள் கூடுதலாக வாங்கியிருந்தார்கள். ஆங்கிலத்திலும் வரலாற்றிலும் அப்படி ஒரு வேறுபாடு தென்படவில்லை.

இதை நம் தலைமையாசிரியர்கள் படித்தால் சந்தோஷப்படுவார்கள். “சோஷியல்தானே டீச்சர், யார் எடுத்தா என்ன?” என்ற வாக்கியத்துக்கு வெளிநாட்டிலிருந்தே ஆதாரம் கிடைத்துவிட்டதே! நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஒரு பருவம் முழுக்க ஏழாம் வகுப்பு சோஷியலை உடற்கல்வி ஆசிரியர் எடுத்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, நல்ல மனிதர், பிள்ளைகளை அதட்டாமல் வாசிக்க வைத்தார். கணக்குக்கு ஆள் இல்லை என்றால் இப்படி யாரையாவது அனுப்புவார்களா என்று கேட்டேன். பதில் இல்லை. என்னைக் கேட்காமல் என் பாடவேளையில் கணக்கு 'எக்ஸ்ட்ரா கிளாஸ்' மட்டும் தொடர்ந்து நடந்தது.

ஆனால் அந்த ஆய்வை நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். பட்டத்தால் மதிப்பெண் மாறவில்லை என்றால், பட்டம் தந்ததை அந்தத் தேர்வு கேட்கவில்லை என்றும் இருக்கலாம் அல்லவா? நம் வினாத்தாளையே பாருங்கள். 14 ஒரு மதிப்பெண் வினா, 10 இரண்டு மதிப்பெண், 10 ஐந்து மதிப்பெண், 2 எட்டு மதிப்பெண். மொத்தம் 100. தேர்ச்சிக்கு 35. அறிவியலுக்கு இருப்பதுபோலச் செய்முறை கிடையாது. 'புக் பேக்' வினாக்களை உருப்போட்டு, காலக்கோட்டைப் பழகி, 'மினிமம் மெட்டீரியல்' கையில் கொடுத்து, ஸ்லிப் டெஸ்ட் வைத்தால் மெல்ல மலரும் பிள்ளையும் தேறிவிடும். நன்றாகப் படிக்கிற பிள்ளை சென்டம் வாங்கிவிடும். இதைச் செய்வதற்கு வரலாற்றுப் பட்டம் எதற்கு? பிரம்பும் பொறுமையும் இருந்தால் போதும். தேர்வு முடிவு வருகிற நாளில் சோஷியலில் ஆயிரக்கணக்கில் சென்டம் என்று செய்தி வரும்போது எனக்கு அந்தப் புள்ளி வைத்த கரிசல் மண்தான் நினைவுக்கு வரும்.

1988இல் சுசான் வில்சன், சாம் வைன்பர்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்றை, ஓய்வு பெறச் சில ஆண்டுகள் இருக்கும்போதுதான் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும். அவர்கள் மதிப்பெண் பக்கம் போகவே இல்லை. புதிதாக வேலைக்கு வந்த நான்கு சமூக அறிவியல் ஆசிரியர்களை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய வகுப்பைக் கவனித்தார்கள். நாலு பேரும் அமெரிக்க வரலாறு எடுக்க வேண்டும். ஒருவர் படித்தது மானுடவியல், இன்னொருவர் அரசியல் அறிவியல், இன்னொருவர் அமெரிக்க இயல். ஒருவர்தான் வரலாறு. பாடப்பொருள் ஒன்றுதான், வகுப்பில் நடந்ததோ நாலு விதம். அரசியல் அறிவியல் படித்தவருக்கு வரலாறு என்றால் நடந்து முடிந்தவற்றின் பட்டியல்; காரணமும் விளக்கமும் தன்னுடைய துறையில் இருப்பதாக அவர் நினைத்தார். மானுடவியல் படித்தவர் நிலமும் தட்பவெப்பமும் மனிதர்களை எப்படி ஆக்கின என்ற இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனார். சான்று எது, அதற்கு யார் சொல்லும் விளக்கம் எது, இரண்டும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பிள்ளைகளிடம் பேசியவர் வரலாறு படித்தவர். படிக்கும்போது எனக்கு முகம் சுருங்கியது. நடந்தவற்றின் பட்டியல் என்று வரலாற்றை ஆண்டுக்கணக்கில் நடத்தியவள் நான்.

இந்த இடத்தில் 2019ஐச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் புதிய புத்தகம் வந்த ஆண்டு. பழையதைவிடத் தடிமன், பழையதைவிட நல்ல புத்தகமும்கூட. எங்கள் பள்ளியில் சோஷியலுக்கு இரண்டு பேர். 'ஏ' பிரிவு எனக்கு, 'பி' பிரிவு ஒரு தம்பிக்கு. அவர் வரலாறு, 'சேம் மேஜர்', எம்.ஃபில். வரை படித்தவர். காலாண்டுத் தேர்வு முடிந்து தாள்களை மாற்றித் திருத்தினோம். விடைத்தாள் முகாமில் நான் பார்த்ததும் நினைத்ததுமான அந்த இரண்டு வகைக் கட்டுகளும் எங்கள் மேஜையிலேயே இருந்தன. “டீச்சர், ஒங்க பிள்ளைங்க எல்லாம் ஒரே வரியத்தான் எழுதிருக்கு” என்றார். “ஒங்க பிள்ளைங்க பருவக்காத்தத் திருப்பி அனுப்பிருக்கே தம்பி” என்றேன்.

தலைமையாசிரியரிடம் போய் அலகுகளைப் பிரித்துக்கொள்கிறோம் என்றோம். இரண்டு பிரிவுக்கும் வரலாறு அவர், புவியியல் நான். “டைம்டேபிள்ல மாத்த முடியாது, நீங்களே பாத்துக்கோங்க” என்றார். அது போதுமாக இருந்தது.

என் 'ஏ' பிரிவில் அவர் வேலூர் புரட்சி எடுத்தபோது பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தைத் திறக்கவில்லை. “ஒரு தொப்பிக்காக யாராவது உயிரக் குடுப்பாங்களா?” என்று ஆரம்பித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தத் தலைப்பாகையில் தோல் பட்டை இருந்தது, நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது என்றார்கள், காதில் கடுக்கன் கூடாது என்றார்கள், என்று ஒவ்வொன்றாக வைத்தார். பிறகு, அந்தக் கோட்டைக்குள் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டார். 1799இல் திப்பு விழுந்த பிறகு அவருடைய பிள்ளைகளை அங்கேதான் வைத்திருந்தார்கள். பாளையங்கள் போனபின் அங்கிருந்த வீரர்கள் எங்கே வேலைக்குப் போயிருப்பார்கள் என்று கேட்டார். புலித்தேவரின் நெற்கட்டும்செவல் எங்கள் பக்கத்து ஊர். பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி சட்டென்று பிடித்துக்கொண்டது. கடைசியாக, “இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும், எழுதி வச்சது யாரு?” என்றார். ஒரு பெண், “தோத்திருக்க வேண்டியவங்க சார்” என்றாள். கும்பினி அதிகாரிகள் எழுதிய கடிதங்களும் விசாரணை அறிக்கைகளும்தான் பெரும்பகுதி என்று அவர் சொல்லி முடித்தபோது மணி அடித்தது. ஒரே பாடவேளைதான். நான் அதே நாற்பத்தைந்து நிமிடத்தில் இரண்டு பாடம் முடிப்பவள்.

அவருடைய 'பி' பிரிவில் நான் பருவக்காற்று எடுத்தேன். எங்கள் ஊரில் அதற்குச் சன்னலைத் திறந்தால் போதும், மேற்கே மலை நிற்கும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல், அருவியில் கூட்டம். அதே நாளில் பஸ் ஏறி ஒரு மணி நேரம் கிழக்கே போனால் புழுதி பறக்கும், அங்கே விதைப்பு ஐப்பசி மழைக்குத்தான். ஏன்? கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் அந்தப் பக்கம் ஏறிக் கேரளத்தில் கொட்டிவிடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தப்பி வருவதுதான் நமக்குச் சாரல். 'மழை மறைவுப் பிரதேசம்' என்று புத்தகத்தில் இருப்பது ஒரு சொல். அந்தப் பிள்ளைகளுக்கு அது அத்தை வீட்டு ஊர். “அப்போ கொல்லத்துல பெய்ஞ்சாத்தான் நமக்குச் சாரலா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டான். அதன் பிறகு அம்புக்குறியை யாரும் கடலுக்குத் திருப்பவில்லை. அந்த நவம்பரில் தென்காசியே தனி மாவட்டமாகி, புதுப் புத்தகத்தின் வரைபடம் ஆறே மாதத்தில் பழசானது. எல்லைக் கோட்டைப் பிள்ளைகளையே போடச் சொன்னேன்.

அரையாண்டுத் தாள்களில் வேறுபாடு இருந்தது. மதிப்பெண் வானத்துக்கு எகிறிவிடவில்லை. விடைகள் ஒன்றுபோல் இல்லாமல் போயின, அதைத்தான் சொல்ல வேண்டும். தலைப்பாகை என்று ஒற்றை வரியில் முடித்த பிள்ளைகள் தங்கள் சொந்தச் சொற்களில் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். பொதுத்தேர்வில் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காதீர்கள். கொரோனா வந்து 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகைப்பதிவையும் வைத்து எல்லோரையும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள்.

ஆகவே கல்வித்தகுதி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போது இரண்டு வேறு சங்கதிகள் தோன்றுகின்றன. ஒன்று, பணிப்பதிவேட்டில் ஏறுவது. அதற்காக நாம் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஊக்க ஊதிய உயர்வுக்காக நானும் அஞ்சல் வழியில் எம்.எட். முடித்தேன். அதனால் சம்பளம் ஏறியது, வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் பயன் ஏறவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். 2020இல் அரசு அந்த ஊக்க ஊதியத்தை நிறுத்தியபோது சங்கங்கள் கொதித்தன. பணியில் இருப்பவர்களின் கோபம் நியாயம்தான், பிள்ளைகளின் அடைவுக்கும் அதற்கும் முடிச்சுப் போட மட்டும் என்னால் முடியாது. இன்னொன்று, ஒரு துறையில் மூன்றாண்டு ஊறியதால் வருவது. ஒரு பத்தியைப் பார்த்ததும் எந்தக் கேள்வி எழ வேண்டும் என்று மனத்துக்குத் தானாகத் தெரிகிற பழக்கம். லீ ஷுல்மன் என்ற கல்வி அறிஞர் 1986இல் சொன்னதும் இதை ஒட்டியதே: பாட அறிவு தனி, கற்பிக்கும் முறை தனி என்று பிரித்து வைத்தது தவறு, இந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது என்கிற அறிவு மூன்றாவதாக ஒன்று உண்டு என்றார். என் மழை மறைவுப் பிரதேசம் அந்த வகை. வேலூர் புரட்சியில் அது என்னிடம் இல்லை.

ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) பற்றி நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருப்பது தெரியும். 2025 செப்டம்பர் 1இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கிறவர்கள் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது. இருபதாண்டு பாடம் எடுத்தவரை மறுபடி 150 வினாவுக்கு முன் உட்கார வைப்பதன் வலியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நம் பாடத்தைப் பொறுத்தவரை அதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டாம் தாளில் கணக்கு-அறிவியல் 60 அல்லது சமூக அறிவியல் 60. தமிழ், ஆங்கில ஆசிரியர்கள் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். எதை எடுப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? 'சோஷியல்தானே' என்பது அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. வினாத்தாளில் 60க்கு 50 வாங்கியவரும் கரிசலுக்குப் புள்ளி வைக்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பணியிடம் கூட்டுவதும், பணி நிரவலில் புவியியல் ஆசிரியரை 'உபரி' என்று தூக்கி எறியாமல் இருப்பதும் அரசு செய்ய வேண்டியவை. அதற்குச் சங்கங்கள் இருக்கின்றன, போராடுங்கள். அரசாணை எதுவும் இல்லாமல் நாமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இரண்டு சோஷியல் ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் பிரிவை வைத்துப் பாடத்தைப் பங்கிடாதீர்கள், மேஜரை வைத்துப் பங்கிடுங்கள். மேல்நிலைப் பள்ளியாக இருந்தால், மாடியில் இருக்கிற பொருளியல் முதுகலை ஆசிரியரிடம் போய், அரசாங்கமும் வரிகளும் பாடத்துக்கு மூன்று பாடவேளை கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார், யாரும் கேட்டதில்லை என்பதுதான் விஷயம். ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிக்காரர்களுக்குச் சிரமம் அதிகம். குறுவள மையக் கூட்டத்தில் மதியத்துக்கு மேல் எல்லோரும் கைபேசியைப் பார்க்கிற அந்த ஒரு மணி நேரத்தில், வரலாற்றுக்காரர் ஒரு பாடத்தையும் புவியியல்காரர் ஒரு பாடத்தையும் மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டட்டும்.

அதற்கு முதலில், எந்த அலகைப் படிக்காமல் ஓட்டுகிறேன் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு அதற்கு 24 ஆண்டுகள் ஆயின. ஜூன் மாதம் பாடவேளை அட்டவணை எழுதுவதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். வரைபடம் எடுக்க ஆள் இல்லை என்றால் தென்காசிப் பக்கத்துப் பள்ளி எதுவானாலும் கூப்பிடுங்கள், வருகிறேன். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமும் கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு புவியியல் ஆசிரியை